சாகாத எலிகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

எங்கள் நன்ட்வென் பள்ளத்தாக்கில் ஒருவருக்குப் பெயர் வைப்பது அவருடைய அப்பா அம்மா இல்லை, அவர் செய்யும் வேலைதான். ஜோன்ஸ், பியூ, எவன்ஸ் என்று நாலைந்து குடும்பப் பெயர்களை வைத்துக்கொண்டு வேல்ஸ் தேசமே காலம் தள்ளுகிறது, என்ன செய்வது? பால் ஊற்றுகிறவர் பால் ஜோன்ஸ். சவப்பெட்டி செய்கிறவர் பெட்டி ஜோன்ஸ். ஆற்றோரம் மாவு மில் வைத்திருந்த கெரைன்ட், மில் கெரைன்ட். நான் கோழி மாரெட். என் சித்தப்பா மகன் இத்வால் பியூ, எலி இத்வால்.

அந்தப் பெயரை ஊர் கிண்டலாகச் சொன்னது. அவன் அதைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டான். கவுன்சில் அவனுக்கு ஒரு பழைய வேனும் ஒரு தொப்பியும் கொடுத்திருந்தது. அந்தத் தொப்பியை அவன் சாப்பிடும்போதுகூடக் கழற்றமாட்டான். சிரிப்பது அபூர்வம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் முன்பக்கப் பாட்டு பெஞ்சில் நின்று அடிக்குரலில் பாடினான் என்றால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தக் குரலுக்காகவே அவனைப் பொறுத்துக்கொண்டவர்கள் உண்டு.

பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். சின்ன வயதில் என்னோடு பந்தயம் கட்டிக் கிணற்றடிக் கல்லைப் புரட்டப் போய் விரலை நசுக்கிக்கொண்டான். கட்டுப் போட்டதும் மறுபடியும் போய் அதே கல்லைப் புரட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான். நான் அவனுக்கு அக்கா முறை, பந்தயத்தை விட்டுக்கொடுத்திருக்கலாம். எனக்கும் அந்தப் புத்தி கிடையாது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் எலி பிடிப்பது என்றால் பொறி, நாய், தடி. அப்புறம்தான் நீல மருந்து வந்தது. ஓட்ஸ் மாவில் கலந்து, மனிதர் யாரும் தவறித் தின்றுவிடக் கூடாது என்று நீலச் சாயம் போட்டிருப்பார்கள். பழைய பாஷாணம் மாதிரி உடனே கொல்லாது. எலி பல நாள் விடாமல் தின்ன வேண்டும். ரத்தம் மெல்ல நீர்த்து, உறையாமல் போய், உள்ளுக்குள்ளேயே கசிந்து செத்துப்போகும். எது தன்னைக் கொன்றது என்று எலிக் கூட்டத்துக்குச் சந்தேகமே வராது. மருந்து வந்த சில வருடங்களில் பள்ளத்தாக்கில் எலியைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. எங்கள் இத்வால் கொடிகட்டிப் பறந்தான்.

அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பண்ணை பண்ணையாகப் போய் மருந்துத் தட்டுகளை எடுத்து மூடி வைத்துவிடுவான். திங்கட்கிழமை காலையில் திரும்ப வைப்பான். ஞாயிறு ஓய்வுநாள். எங்கள் ஊரில் அன்று கொடியில் துணி காயாது, உருளைக்கிழங்குகூட முதல்நாளே உரித்து வைத்தாக வேண்டும்.

"ஞாயித்துக்கெழம என் கையால எதுவும் சாகக்கூடாது அக்கா" என்பான்.

"சனிக்கெழம தின்னுட்டு ஞாயித்துக்கெழம சாகுற எலிய என்னடா பண்ணுவ? கூப்பிட்டு, திங்கக்கெழம வரைக்கும் பொறுத்துக்கன்னு சொல்லுவியா?"

"அது அதோட பாவம்" என்பான், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

இப்படி இருந்தவனுக்குத்தான் மில் கெரைன்ட் வடிவில் சனி பிடித்தது. கெரைன்ட் பெரிய கை. மில் அவனுடையது, கவுன்சிலில் அவனுக்கு நாற்காலி, தேவாலயத்தில் மூப்பர். அவன் மில்லில்தான் முதலில் எலிகள் சாகாமல் போயின. தினமும் காலையில் மருந்துத் தட்டு துடைத்து வைத்தது போல் காலியாக இருந்தது. எலியோ ஒன்றும் விழவில்லை. போதாக்குறைக்கு முன்னைவிடப் பளபளப்பாக, பட்டப்பகலில் மூட்டை மேல் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தன.

ஆராதனை முடிந்து தேவாலயத்தின் பின் அறையில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கெரைன்ட் ஆரம்பித்தான்.

"இத்வால், உன் புள்ளைங்க எல்லாம் சௌக்கியமா? என் மில்லுல இருக்கறதுங்க உன்னய விசாரிச்சதா சொல்லச் சொல்லுச்சுங்க."

அறை சிரித்தது. இத்வால் கோப்பையைக் கீழே வைத்தான். "மருந்து வெக்கிறேன் கெரைன்ட். தின்னுட்டுத்தான் போகுதுங்க."

"தின்னுட்டுப் போகுதா! மருந்தத் தின்னா போகாதுப்பா, சாகும். மருந்த எவனுக்கோ வித்துட்டு வெறும் மாவ வெக்கிற போல. எலியெல்லாம் செத்துட்டா உனக்கு என்ன வேல? நீ எலிக்குச் சோறு போடுற, கவுன்சில் உனக்குச் சோறு போடுது. நல்லாத்தான் இருக்கு கணக்கு!"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். சிரித்திருந்தால் கிண்டலோடு போயிருக்கும். ஒவ்வொரு முகமும் இத்வாலை ஒரு கணம் எடைபோட்டுப் பார்த்துவிட்டுத் தேநீரில் குனிந்துகொண்டது. எனக்கு ரத்தம் கொதித்தது. கெரைன்டிடம் அவனுடைய மாவில் எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறது என்று கேட்டேன். அதனால் இத்வாலுக்கு ஒரு நன்மையும் விளையவில்லை, எனக்கு மட்டும் கொஞ்சம் ஆறியது. அடுத்த அறுவடைக்குள் மில் சுத்தமாகாவிட்டால் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இங்கிலீஷ்காரனை எலி பிடிக்கக் கொண்டுவருவோம் என்று கவுன்சில் சொல்லிவிட்டது.

மறுநாள் இத்வால் தொப்பியோடு என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தான். பழ ரொட்டியில் வெண்ணெய் தடவி வைத்தேன். தொடவில்லை.

"அக்கா, ஞாயித்துக்கெழமையா இருக்குமோ?"

"என்னது?"

"மருந்த விடாம தின்னாத்தான் வேல செய்யும். நடுவுல ஒருநாள் விட்டா ரத்தம் தேறிக்கும். நானே வாராவாரம் அதுங்களுக்கு லீவு குடுத்திருக்கேன்."

"இத்தன வருஷம் அதே லீவுலதானடா செத்துச்சுங்க?"

"தெரியல. ஆனா என் பக்கம் தப்பு இருக்குன்னா அது ஒண்ணுதான். அத மொதல்ல பாத்துடணும்."

அடுத்த ஞாயிறு ஆராதனையில் முதல் பாட்டுக்கு எழுந்து நின்றோம். பாட்டு பெஞ்சில் அவன் இடம் காலியாக இருந்தது. அடிக்குரல் இல்லாத பாட்டு கால் உடைந்த மேசை மாதிரி ஆடியது. அப்போது ஜன்னல் வழியே எல்லோரும் பார்த்தோம்: கையில் நீல டப்பாவோடு, சபை முழுதும் பார்க்கிற பாதையில், மறைந்துகூடப் போகாமல், இத்வால் மில்லை நோக்கி நடந்துகொண்டிருந்தான். பாடிக்கொண்டிருந்த பெட்டி ஜோன்ஸ் வாய் திறந்தபடியே நின்றுவிட்டார்.

அந்த வாரமே மூப்பர்கள் கூடினார்கள். பாட்டு பெஞ்சில் இனி உனக்கு இடம் இல்லை, வேண்டுமானால் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள் என்றார்கள். சொன்னது கெரைன்ட். இத்வால் தலையாட்டிவிட்டு வந்தான். அன்று முதல் ஆராதனைக்கு வந்தாலும் வாயே திறக்கமாட்டான். எனக்கு அழுகை வந்தது, எரிச்சலும் வந்தது. ஒரு மன்னிப்பு கேட்டால் என்ன குறைந்துவிடும் இவனுக்கு?

குளிர்காலம் முழுக்க ஒரு ஞாயிறு தவறாமல் மருந்து வைத்தான். எலிகள் ஞாயிற்றுக்கிழமையும் வயிறாரத் தின்று கொழுத்தன. ஒன்றும் சாகவில்லை.

"போச்சா? பேரும் போச்சு, பெஞ்சும் போச்சு" என்றேன்.

"ஒண்ணு தெரிஞ்சுபோச்சுல்ல அக்கா. ஞாயிறு இல்ல. வேற என்னமோ."

அவன் முகத்தைப் பார்த்தேன். கிணற்றடிக் கல்லைப் புரட்டப்போன அதே முகம். தேநீர் ஊற்றினேன்.

கெரைன்டின் மில்லிலேயே கூண்டு வைத்து உயிரோடு எலிகளைப் பிடித்தான். மூடியில் துளை போட்ட பால் கேனில் அடைத்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் விவசாய அமைச்சகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. நான் அதே பக்கம் ஷ்ரூஸ்பரி சந்தைக்கு முட்டை கொண்டுபோகிற நாளாகப் பார்த்து அந்த வேனிலேயே கிளம்பினோம். முன்னால் நாங்கள் இருவர், பின்னால் என் முட்டைகள், முட்டைகளுக்குப் பக்கத்தில் கேனுக்குள் கீச்சுக் கீச்சு. அந்த நாற்றத்தோடு விற்ற முட்டையை வாங்கியவர்களைக் கடவுள் காப்பாற்றட்டும்.

ஆய்வுக்கூடத்தில் மிஸ் ஃபாரன்ட் என்ற பெண் எங்களைப் பார்த்தாள். ஓங்குதாங்கான உடம்பு, முழங்கை வரை மடித்த சட்டை. இத்வால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். விரலெல்லாம் எலி கடித்த தழும்பு. அப்போதுதான் கேனை அவளிடம் நீட்டினான். எங்கள் எலிகளையும் வேறு ஊரில் பிடித்த எலிகளையும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் வைத்து, ஒரே பையிலிருந்து நீல மருந்து கொடுப்பதாகச் சொன்னாள். மூன்று மாதம் கழித்துச் சந்தைக்கு வரும்போது வந்து பாருங்கள் என்றாள்.

போனோம். வேறு ஊர் எலிகள் எல்லாம் செத்து, அந்த வரிசைக் கூண்டுகள் காலி. அடுத்த வரிசையில் எங்கள் ஊர் எலிகள் நீல மாவில் புரண்டுகொண்டிருந்தன. ஒன்றிரண்டு மட்டும் செத்திருந்தன.

இத்வால் மூச்சை இழுத்து விட்டான். "மருந்துல தப்பில்ல. என் மேலயும் தப்பில்ல. எலிங்களுக்குப் பழகிப்போச்சு. குடிகாரனுக்குச் சாராயம் பழகுற மாதிரி. நான்தான் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பழக்கிட்டேன்."

"பழகல மிஸ்டர் பியூ" என்றாள் அவள். "நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். மருந்தோட வாசனையே படாத இதுங்க குட்டிங்களுக்குக் குடுத்துப் பாத்தேன். அதுல பாதிக்கு மேல சாகல. பொறக்கும்போதே அப்படிப் பொறந்திருக்கு."

"எப்படி?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். "மாவு சலிப்பீங்கல்ல? மாவு கீழ போயிடும், கல்லு மேல நிக்கும். சலிச்சு சலிச்சுப் பாத்தா சல்லடை முழுக்கக் கல்லு. அந்தக் கல்லு எதுவும் சல்லடையில பழகிக் கல்லாகல. மொதல்லயே மாவுல ஒண்ணு ரெண்டு கெடந்ததுதான். உங்க மில்லுல எந்தக் காலத்துலயோ ஏதோ ஒரு எலி, ரத்தத்துல சின்ன வித்தியாசத்தோட பொறந்திருக்கு. மருந்து இல்லாத வரைக்கும் அதால ஒரு லாபமும் இல்ல, யாருக்கும் தெரியவும் தெரியாது. நீங்க மருந்து வெச்சீங்க. மத்ததெல்லாம் செத்துச்சு. மில்லு முழுக்கத் தீனி, போட்டிக்கு ஆளே இல்ல. அது குட்டி போட்டுச்சு. குட்டிங்களுக்கும் அதே ரத்தம்."

எனக்கு என் கோழிகள் ஞாபகம் வந்தன. முட்டை போடுவதை நிறுத்திவிட்டு அடைகாக்க உட்காரும் கோழியை நான் வைத்துக்கொள்ளமாட்டேன், உடனே விற்றுவிடுவேன். அப்படியே செய்து செய்து, ஒரு வருடம் குஞ்சு பொரிக்கலாம் என்று பார்த்தால் என் கூட்டத்தில் அடைக்கு உட்கார ஒரு கோழி இல்லை. பக்கத்துப் பண்ணையில் கடன் வாங்கினேன். அதைச் சொன்னேன். மிஸ் ஃபாரன்ட் மேசையைத் தட்டினாள்.

"அதேதான்! சந்தைக்குப் பக்கத்துல நூலக வாசல்ல ஒரு பெரியவர் சிலை இருக்கே, பாத்திருக்கீங்களா?"

பார்க்காமல் என்ன, அதற்கு எதிரில்தான் வேனை நிறுத்துவோம். அந்த ஊரிலேயே பிறந்த டார்வின், நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அவரும் இப்படித்தான் புறா வளக்கிறவங்ககிட்டப் போய் உக்காந்து கேட்டாரு. புடிச்ச புறாவ வெச்சுக்கறாங்க, புடிக்காததக் கழிச்சுடறாங்க. தலைமுறை போகப் போகப் புறாவே வேற மாதிரி ஆயிடுது. சரி, கழிக்கறதுக்கு ஆளே இல்லாத காட்டுல? அங்க பனி கழிக்குது. பசி கழிக்குது. பருந்து கழிக்குது. எதுவும் நெனச்சுச் செய்யறதில்ல. ஆனா எது தப்பிக்குதோ அதோட குட்டிதான் நாளைக்கு இருக்கும்."

இத்வால் கூண்டின் பக்கம் திரும்பினான். "இங்க கழிச்சது நான்" என்றான்.

திரும்பும் வழியில், மலை ஏறும் இடத்தில் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். "கெரைன்ட் சொன்னது பொய்யில்லக்கா. சாகுறதெல்லாம் கொன்னுட்டு, சாகாதத நானே பொறுக்கி எடுத்து, எடம் ஒதுக்கி, வளத்து விட்டிருக்கேன். அதுவும் சுத்தமா, ஒழுங்கா." அவன் தோள் குலுங்கியது. அவன் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. முதுகில் தட்டிக்கொடுத்தேன். முட்டை இன்றைக்கு நல்ல விலைக்குப் போனது என்றேன்.

மிஸ் ஃபாரன்ட் எங்கள் ஊருக்கு வந்து தேவாலயத்தின் பின் அறையில் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். மருந்தில் கலப்படம் இல்லை என்று கவுன்சில் ஒத்துக்கொண்டது, வேனும் தொப்பியும் பிழைத்தன. ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? இங்கிலீஷ் அம்மாவைக் கூட்டிவந்து நம் காதில் பூச் சுற்றுகிறான் என்றார்கள். கெரைன்ட் எழுந்து, "சரிம்மா, கொஞ்சம் வெச்சா சாகல, அப்போ இன்னும் நிறைய வெச்சாப் போச்சு" என்றான். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

இத்வாலுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அவளுடைய வேன் வரைக்கும் அவள் பின்னாலேயே போனான்.

"அந்த எலிங்களுக்கு ஏதாச்சும் கொறை இருக்கா? எல்லாத்துலயும் கெட்டியா இருந்தா முன்னாடியே அதுங்கதான இங்க நெறைஞ்சிருக்கும்?"

அவள் கதவைத் திறந்தபடி நின்றாள். "இருக்கு. பச்சை இலை தழையில இருக்கற ஒரு சத்து அதுங்களுக்கு மத்ததவிட நெறைய வேணும். அது கொறஞ்சா, மருந்தே இல்லாம ஈறுல ரத்தம் கசியுது. சோந்து போகுதுங்க."

"அப்போ மருந்தே இல்லாத ஊர்ல?"

"மத்த எலிங்க முந்திக்கணும். நிச்சயமா சொல்ல முடியாது. யாரும் செஞ்சு பாக்கல."

"நான் செஞ்சு பாக்கறேன்" என்றான் இத்வால்.

அவன் பண்ணை பண்ணையாகப் போய்க் கேட்டது என்ன தெரியுமா? நீல மருந்தை நிறுத்துங்கள் என்று. எலி பிடிக்கிறவன் எலிக்கு மருந்து வைக்காதே என்கிறான்! சந்தையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பால் ஜோன்ஸ் என்னிடமே, "உங்க தம்பி எலிங்களோட சம்பந்தம் பேசி முடிச்சுட்டாரா?" என்று கேட்டார். இத்வால் நேரே அடுத்த பண்ணைக்குப் போவான். "மருந்து வெக்காத. எலிய நான் கையால புடிச்சுத் தர்றேன்" என்பான். அவ்வளவுதான். வாசலில் நிற்பான். ஒத்துக்கொள்ளும்வரை நிற்பான். அவன் அப்படி நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொண்டார்கள்.

ஒத்துக்கொள்ளாதது மில். மில்லில் மருந்து இருக்கும்வரை அங்கே சாகாத எலிக்குத்தான் ராஜ்ஜியம், அது பள்ளத்தாக்கு முழுக்கப் பரவும். இத்வால் தினமும் போய்க் கேட்டான். கெரைன்ட் தினமும் கதவைச் சாத்தினான்.

இலையுதிர் காலத்தில் கதிரடி நாள் வந்தது. எங்கள் பக்கம் ஒரு பண்ணையில் கதிரடி என்றால் பள்ளத்தாக்கே போய் வேலை செய்யும். பகை இருந்தாலும் போயாக வேண்டும், போகாவிட்டால் நம் கதிரடிக்கு ஆள் வராது. கெரைன்டின் களத்துக்கு எல்லோரும் வந்திருந்தோம். இத்வாலும் வந்தான், கூடவே அவனுடைய குட்டை நாய் ஜிப். கதிர்ப் போரைப் பிரிக்கப் பிரிக்க எலிகள் சிதறி ஓடின. ஜிப் கவ்வி உதறிப் போட்டுக்கொண்டே இருந்தது. பிறகு திடீரென்று களத்தை விட்டுவிட்டு மில்லுக்குள் ஓடி, மூலையில் நின்று குரைத்தது.

அங்கே கெரைன்ட் வாங்கி அடுக்கிய நீல மருந்து மூட்டைகள் இருந்தன. அடி மூட்டையை ஜிப் பிராண்டியது.

"நாயப் புடி! மருந்தத் தின்னு செத்துடப் போகுது!" என்று கத்தினான் கெரைன்ட்.

இத்வால் நாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் மூட்டையை வெளிச்சத்துக்கு இழுத்து வந்து, எல்லோருக்கும் நடுவில் வைத்து வாயைப் பிரித்தான்.

நீல மாவுக்கு நடுவில் சாக்கு நாரும் வைக்கோலும் வைத்துக் கட்டிய கூடு. அதற்குள் ஒரு தாய் எலி. அதைச் சுற்றிக் கண் திறந்து ஓடியாடும் பருவத்துக் குட்டிகள். வாயெல்லாம் நீலம், மீசை நீலம், பாதம் நீலம். ஒரு குட்டி முன்னங்கால்களில் மருந்தைப் பிடித்து எங்களைப் பார்த்துக்கொண்டே கொறித்தது.

களத்தில் இருந்த இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். அத்தனை பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"கெரைன்ட்" என்றான் இத்வால், குரல் உயராமல். "நான் எலிக்குச் சோறு போடுறேன்னு சொன்ன. உண்மை. போட்டேன். நான் நிறுத்திட்டேன். நீ இன்னும் போட்டுக்கிட்டிருக்க."

கெரைன்டின் முகம் செங்கல் நிறமானது. பெட்டி ஜோன்ஸ்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். எனக்கு விலா வலித்தது. கெரைன்ட் அந்த மூட்டையை ஓர் உதை உதைத்தான். "எடுத்துட்டுப் போய்த் தொலை, எல்லாத்தையும்" என்றான். அன்று மாலையே இத்வால் அத்தனை மூட்டைகளையும் வேனில் ஏற்றினான்.

அதற்கப்புறம் அவன் பட்ட பாட்டைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மருந்து செய்த வேலையை ஒரு மனிதனும் ஒரு நாயும் செய்வது என்றால் சும்மாவா? உடைந்த கண்ணாடியும் சிமென்டும் போட்டுப் பொந்துகளை அடைத்தான். தானியக் கிடங்குகளுக்குத் தகரம் அடித்தான். பொறி வைத்தான், எடுத்தான், கழுவினான், வைத்தான். பனியில் குப்புறப் படுத்துக்கொண்டு வளைக்குள் கை விட்டான். கை முழுக்கக் கடி. ஒருமுறை எலிக் காய்ச்சல் வந்து மஞ்சளாகிக் கிடந்தான், எழுந்ததும் பொறியைத் தேடினான். ஜிப் செத்து, ஜிப்பின் குட்டி வந்து, அதற்கும் வயதானது. எலிகள் ஒழியவில்லை. குறைந்தன, அவ்வளவுதான். என் கோழிக்குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போனபோதெல்லாம் நானே அவனைத் திட்டினேன்: "ஒரு தட்டு மருந்து வெச்சாத்தான் என்னடா? யாருக்குத் தெரியப் போகுது?"

"எலிக்குத் தெரியும்க்கா."

ஒவ்வொரு ஞாயிறும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தான். வாய் திறக்கவில்லை. பாட்டு பெஞ்சில் அவன் இடத்தில் வேறு யாரையும் நிறுத்தவும் இல்லை. கெரைன்ட் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, இத்வால் கேட்கவும் இல்லை. இரண்டு கழுதைகள்!

அவன் தலை முழுக்க நரைத்த பிறகு ஒரு வசந்த காலத்தில், பள்ளத்தாக்கின் எல்லாப் பக்கமும் பிடித்த எலிகளைப் பால் கேனில் அடைத்து மிஸ் ஃபாரன்டுக்கு அனுப்பினான். அவள் முடிவை நேரில் சொல்கிறேன் என்று வந்தாள். அவளுக்கும் நரைத்திருந்தது. அதே பின் அறை, அதே தேநீர். ஊரே வந்திருந்தது. இத்வால் சுவரோரம் நின்றான். அவன் கை தொப்பியின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. தொப்பி இல்லாத அந்த நரைத்த தலையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது, எவ்வளவு வயதாகிவிட்டது இவனுக்கு!

"செத்துடுச்சு" என்றாள் மிஸ் ஃபாரன்ட். "எல்லாம் இல்ல. பத்துக்கு எட்டு செத்துடுச்சு. மருந்துக்கு அடங்காத ரத்தம் உங்க ஊர்ல கொறஞ்சுபோச்சு மிஸ்டர் பியூ."

கெரைன்ட் தடியை ஊன்றி எழுந்தான். அவன் கண் பளபளத்தது.

"அப்படின்னா இனிமே மருந்து வெக்கலாம்! வேல செய்யும்ல?"

அறையே குதித்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆமாம், வைக்கலாம், இந்த வாரமே வைக்கலாம். என் குஞ்சுகளை நினைத்து எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்லமாட்டேன்.

"மாட்டேன்" என்றான் இத்வால்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இன்னும் ரெண்டு இருக்கு. நாளைக்கு மருந்து வெச்சா எட்டு சாகும். அந்த ரெண்டு மறுபடியும் இந்தப் பள்ளத்தாக்க எடுத்துக்கும். நான் ஒருதரம் பொறுக்கினது போதும். நான் உயிரோட இருக்கற வரைக்கும் இந்த ஊர்ல நீலத் தட்டு கெடையாது."

கெரைன்ட் வாயைத் திறந்தான். அந்த மூட்டை ஞாபகம் வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டான். மெல்ல உட்கார்ந்தான்.

மிஸ் ஃபாரன்ட் தன் கோட்டை எடுத்துக்கொண்டே, ஏதோ சின்ன விஷயம் போல, "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்றாள். "உங்க பழைய வழக்கப்படிதான் மருந்து குடுத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் தட்ட எடுத்துட்டு, திங்கக்கிழமை காலையில வெச்சேன். நடுவுல லீவு விட்டும் செத்துச்சு."

இத்வால் அவளைப் பார்த்தான். மூப்பர்கள் எல்லோரும் கெரைன்டைப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு இத்வால் வழக்கம்போலக் கடைசி வரிசைக்குப் போனான். அங்கே கெரைன்ட் உட்கார்ந்திருந்தான், காலை நீட்டி, தடியைக் குறுக்கே போட்டு, இடத்தை முழுக்க அடைத்துக்கொண்டு.

"இங்க எடமில்ல" என்றான், பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். "முன்னாடி காலியா இருக்கு பாரு."

முதல் பாட்டுக்கு எழுந்து நின்றோம். இத்வாலின் குரல் துருப்பிடித்திருந்தது, இரண்டாம் அடியில் சுதி தப்பியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் அழுதுகொண்டே பாடினேன். திங்கட்கிழமை காலையில் அவன் பொறிகளை எடுத்துக்கொண்டு என் கோழிக் கொட்டகைக்கு வந்தான்.